கரண்ட் யூனிட்டுக்கு எட்டு ரூபாயாம்!

இன்று காலையும் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் ஹவுஸ் ஓனர் அம்மா. மீட்டரில் 1482-லிருந்து 1332 போக, இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். பெருக்கல் எட்டு. 1,200 ரூபாய்.

இந்த 150-க்கு வர நாங்கள் என்ன பாடு பட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். பழைய ஃபேன் இரண்டையும் கழற்றிவிட்டு, ஒன்று மூவாயிரம் என்று, குறைந்த கரண்ட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வாங்கி மாட்டினேன். 75 வாட் இழுத்தது இப்போது 30 வாட்தான். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். எங்கள் அம்மா வாரம் ஒருமுறை மொத்தமாக இஸ்திரி போடுகிறார். இந்த வெயிலிலும் அறையை விட்டு வந்தால் ஃபேனை அணைக்காமல் வரமாட்டார்.

எங்கள் பெயரில் தனி இணைப்பு இருந்தால் இதற்கு என்ன பில் வரும் தெரியுமா? முதல் 100 யூனிட் இலவசம். 2016-லிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் உண்டு. மீதி ஐம்பதுக்கு, 2022 செப்டம்பர் கட்டணப்படி 2.25 வீதம் 112 ரூபாய் 50 காசு. 2024-ல் ஏறியதைச் சேர்த்தாலும் சில ரூபாய்தான் கூடும். அதற்கு நான் கொடுப்பது 1,200! குறைவாக எரிப்பவனுக்கு அரசாங்கம் கொடுக்கும் சலுகை, எங்கள் வீட்டு யூனிட்டைத் தனியாக அளக்க மாடிப்படிக்குக் கீழே மாட்டிய ஒரு சப் மீட்டரில் காணாமல் போகிறது.

கேட்டால், "நாலு வீடும் ஒரே மீட்டர் தம்பி, மொத்தம் 800 ஓடுது, 500 தாண்டினா ரேட்டு எகிறிடும்ல" என்கிறார். சரி, அதே 2022 கட்டணத்தில் அந்த 800-க்கே கணக்குப் போடுவோம். முதல் நூறு போக, 400 வரை 4.50, அடுத்த நூறு 6, அதற்கடுத்த நூறு 8, கடைசி இருநூறு 9. கூட்டினால் 4,550 ரூபாய். யூனிட்டுக்கு 5.69. புதுக் கட்டணத்திலும் ஆறு ரூபாய்ப் பக்கம்தான் நிற்கும். எட்டு எங்கிருந்து வந்தது?

வாடகைக்கு இருக்கும் மூன்று வீடும் சேர்ந்து 450 யூனிட்டுக்கு 3,600 கொடுக்கிறோம். இதே 4,550 கணக்கில் பார்த்தால், மாடியில் ஏ.சி. போட்டு 350 யூனிட் எரிக்கும் ஹவுஸ் ஓனர் தன் கையிலிருந்து போட வேண்டியது 950. எங்கள் அம்மா வியர்வையில் நனைந்து மிச்சம் பிடித்த காசில் அந்த ஏ.சி. ஓடுகிறது. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

தனி மீட்டர் போடுங்கள், செலவில் பாதி தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "ஊர்ல எல்லாரும் எட்டுதான் வாங்குறாங்க, பக்கத்துத் தெருல பத்து" என்று பதில். ஊரெல்லாம் வாங்கினால் அது நியாயமாகிவிடுமா? சென்னையில் வாடகைக்கு இருக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இதே கதையைத்தான் சொல்வார்கள். ஐயாயிரம் வாடகைக்கு ஒற்றை அறையில் இருப்பவரும் இதே எட்டைக் கொடுக்கிறார்.

நான் இலவசம் கேட்கவில்லை. இ.பி. பில்லைக் காட்டுங்கள், மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டேன். அதற்குத்தான், பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்ததும் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.