ஜன்னலை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்

எங்கள் தெருவில் இப்போது இரண்டு கட்சிகள். பழைய வீடுகளில் மாற்றம் செய்வதற்கு முன் சீராய்வுக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியையே தூக்கிவிட வேண்டும் என்கிறது ஒன்று. விதியை இன்னும் இறுக்க வேண்டும் என்கிறது மற்றது. வருகிற செவ்வாய்க்கிழமை இதற்கான பொதுக்கூட்டம். இரண்டு பக்கத்தாரும் கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். இரண்டிலும் நான் போடவில்லை. வாசலில் நின்று விளக்கிச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டுக் கதை. மூன்று வருடத்துக்கு முன் தெருவைப் பார்த்த முன்னறையின் மர ஜன்னல்கள் இரண்டும் மோசமாகிவிட்டன. மழை அடித்தால் உள்ளே தண்ணீர். காற்று அடித்தால் ராத்திரி முழுக்கத் தடதடவென்று ஆடும். கழற்றி எறிந்துவிட்டு பிவிசி ஜன்னல் மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். விற்பனையாளர் கொடுத்த வரைபடம், கைப்பேசியில் நானே எடுத்த நான்கு படங்கள், இவற்றை வைத்து விண்ணப்பம் போட்டேன். கூட்டத்தில் என் முறை வந்தது. திரையில் படங்களைக் காட்டினார்கள். "தெருவின் தன்மைக்குப் பொருந்தாது" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையசைத்தார்கள். ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அனுமதி இல்லை.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தெருவின் தன்மையைப் பற்றி அவர்கள் பேசுகிறார்கள், மழைத்தண்ணீரைத் துடைப்பவன் நான்தானே என்று இருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க ஜன்னலுக்குக் கீழே பழைய துணிகளைச் சுருட்டி வைத்துத்தான் ஓட்டினோம்.

அப்புறம் ஒரு தச்சர் வந்தார். வேறு வேலைக்காகக் கூப்பிட்டவர், போகிற போக்கில் ஜன்னலையும் பார்த்தார். சின்னக் கத்தி ஒன்றை எடுத்து, முனையால் சட்டத்தை அங்கங்கே குத்திக்கொண்டே வந்தார். மேலே, பக்கவாட்டில், எங்கேயும் முனை இறங்கவில்லை. கீழ்ச்சட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் பொசுக்கென்று உள்ளே போனது. "நாலு விரல் அளவுதான் உளுத்திருக்கிறது. இதற்காகவா முழு ஜன்னலையும் கழற்றப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். சட்டத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மழைத்தண்ணீர் சுவருக்குள் ஓடாமல் வெளியே சொட்டி விழுவதற்காக, அந்தக் காலத்திலேயே அடியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். வருடாவருடம் அடித்த பெயின்ட் அதை அடைத்திருந்தது. தண்ணீர் உள்ளே வந்ததற்குக் காரணம் அதுதான். ஆட்டத்துக்குக் காரணம் கீல்கள் தளர்ந்தது.

உளுத்த மூலையைச் சாய்வாக அறுத்து எடுத்து, பழைய மரத்திலேயே ஒட்டுப் போட்டார். அறுத்த துண்டின் நல்ல பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ஒரு விரல் அகலத்துக்குள் இருபதுக்கு மேல் வளையங்கள். ஒரு வளையம் ஒரு வருடம். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இறுக்கமாக வளர்ந்த மரம். வேகமாக வளர்த்துச் சீக்கிரம் வெட்டி விற்கிற மரத்தில் இந்த நெருக்கத்தைப் பார்க்க முடியாது. அந்தத் துண்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஜன்னல்கள் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டன, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

குழு எடுத்த முடிவு சரியான முடிவு. இதை நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது சரி என்று எனக்குப் புரியவைத்தவர் தச்சர், குழு அல்ல. அந்தக் குழுவிலிருந்து ஒருவர், ஒரே ஒருவர், ஒரு கத்தியோடு கால் மணி நேரம் என் வீட்டுக்கு வந்திருந்தால் நான் ஒரு மழைக்காலத்தை இழந்திருக்க மாட்டேன், அவர்கள் மேல் அத்தனை கோபத்தையும் சுமந்திருக்க மாட்டேன். இந்தப் பதிவு முழுக்க நான் கேட்கப்போவது அதைத்தான்: வீட்டை வந்து பாருங்கள்.

விதியை எடுத்துவிட வேண்டும் என்பவர்களுக்கு முதலில். "என் வீடு, என் பணம், நடுவில் நீ யார்?" என்ற கேள்வி புதியது அல்ல. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே தன் பழைய குடியிருப்புப் பகுதியை வரையறுத்து, அங்கே வீடுகளின் வெளித்தோற்றத்தை மாற்றுவதைப் பரிசீலிக்க ஒரு குழுவை அமைத்தது. அந்த நாட்டில் அதுதான் முதல். கார்கள் பெருகி, பெட்ரோல் நிலையங்களுக்காகப் பழைய மாளிகைகளை இடித்துக்கொண்டிருந்த காலம் அது. நியூயார்க்கில் பெரிய அடி விழுந்த பிறகுதான் விழிப்பு வந்தது. பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள், 1965-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே வருடம் புரூக்ளின் ஹைட்ஸ் அந்நகரின் முதல் மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அது ரயில் நிலையமோ அரண்மனையோ இல்லை, மனிதர்கள் குடியிருக்கிற வீட்டு வரிசைகள். இப்படிக் கட்டுப்படுத்துவது சொத்துரிமையைப் பறிப்பதாகுமா என்ற வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இங்கிலாந்தின் அனுபவம். அங்கே 1967-இல் வந்த சட்டத்தால் தனிக் கட்டடம் என்றில்லாமல் ஒரு முழுப் பகுதியையே பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்க முடிந்தது. இன்று இங்கிலாந்தில் மட்டும் அப்படி ஏறத்தாழ 10,000 பகுதிகள் இருக்கின்றன. ஆனாலும் ஒரு ஓட்டை இருந்தது. வீட்டை இடிப்பதற்குக் கட்டுப்பாடு இருந்தாலும், ஜன்னலை மாற்றுவது, கதவை மாற்றுவது போன்ற சின்ன வேலைகளைப் பொதுவாக யாரையும் கேட்காமலே செய்துகொள்ளலாம். ஒருவர் ஜன்னலை மாற்றினார், பக்கத்து வீட்டுக்காரர் முன்கதவை மாற்றினார், அதற்கடுத்தவர் கூரை ஓடுகளை மாற்றினார். எந்த வீடும் இடிபடவில்லை, ஆனால் தெரு போய்விட்டது. அதைத் தடுக்கத்தான் அந்தச் சின்ன வேலைகளுக்கும் அனுமதி தேவை என்று ஆக்குகிற 'பிரிவு 4' ஆணையை உள்ளூர் நிர்வாகங்கள் பயன்படுத்துகின்றன.

நம் தெருவில் நடப்பதும் இதுதான். இடிப்பதை யாரும் ஆதரிக்கவில்லை. ஆளுக்கு ஒரு ஜன்னல்தானே கேட்கிறோம் என்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். நாற்பது வீடுகளும் அதையே கேட்டால் என்ன மிஞ்சும் என்று விற்பனையாளரின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அன்று நான் யோசிக்கவில்லை. அதை யோசிக்க ஒரு இடம் வேண்டும். குழு அந்த இடம். அதனால்தான் எடுத்துவிடுங்கள் என்ற மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை.

சரி, இறுக்க வேண்டும் என்பவர்களுக்கு. கூடுதல் படிவம், கூடுதல் வரைபடம், கூடுதல் தண்டத்தொகை, இதெல்லாம் இருந்தால் வீடுகள் பிழைத்துவிடும் என்று நம்புகிறீர்கள். எங்கள் வரிசையில் ஒரு வீட்டின் பக்கச் சுவரைப் போய்ப் பாருங்கள். அந்த வீட்டுக்காரர் எல்லாவற்றையும் முறைப்படி செய்தவர். 'செங்கல் மூட்டுகளைப் புதுப்பித்தல்' என்று விண்ணப்பத்தில் ஒரு வரி. படம் இருந்தது, கையெழுத்து இருந்தது, ஒப்புதலும் கிடைத்தது. ஒப்பந்தக்காரர் பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மூட்டு முழுக்க சிமெண்டை அடைத்தார். முடிந்த அன்று பார்க்க நறுவிசாக இருந்தது. இப்போது மூட்டுகள் மட்டும் கோடு கோடாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன, நடுவில் இருக்கிற செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. கையால் தேய்த்தால் செந்தூள் ஒட்டிக்கொள்கிறது.

காரணம் தெரிந்ததுதான். பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையானது. சுவருக்குள் போகிற ஈரம் அந்தச் சாந்து வழியாகத்தான் வெளியே வந்து காயும். காலப்போக்கில் கெட்டுப்போவது சாந்து, அதைச் சுரண்டிப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் செங்கல் வழியாக வெளியேறுகிறது, கூடவே உப்பும் வந்து செங்கல்லின் மேற்பரப்புக்குள் படிகமாகி அதை உடைக்கிறது. புதிய சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று, பழைய கட்டடப் பாதுகாப்பையும் கவனிக்கிற அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் வழிகாட்டிக் குறிப்பே சொல்கிறது. இந்தச் சங்கதி எங்கள் விண்ணப்பப் படிவத்தில் எங்கேயும் இல்லை. சாந்து என்ன என்று கேட்கிற கட்டமே அதில் கிடையாது. வேலை தொடங்கும் முன் பழைய வேலை தெரிந்த ஒரு கொத்தனாரோடு யாராவது வந்து, நகத்தால் அந்த மூட்டைக் கீறிப் பார்த்திருந்தால் அந்தச் சுவர் தப்பியிருக்கும். படிவத்தை இரட்டிப்பாக்கினாலும் அது தப்பியிருக்காது.

என் விஷயம் முடிந்த பிறகு நான் தொடர்ந்து கூட்டங்களுக்குப் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது, அது என்னை இன்னும் உறுத்துகிறது. கட்டடக் கலைஞரை அழைத்து வருகிறவர்களுக்கு அனுமதி கிடைக்கிறது. என்னைப் போலக் கைப்பேசிப் படங்களோடு தனியாக வருகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை, இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகிறது. குழுவில் யாரும் கெட்டவர்கள் அல்ல, சம்பளம் இல்லாமல் மாலை நேரத்தைக் கொடுக்கிறவர்கள். ஆனால் அவர்கள் முன்னால் இருப்பது வீடு இல்லை, காகிதம். அழகாக வரைந்த காகிதம் ஜெயிக்கிறது. வசதியில்லாதவர் தோற்கிறார். ஒரு தெருவின் பழமையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, அதில் தலைமுறையாக இருப்பவர்களையே சலித்துப்போய் விற்றுவிட்டுப் போகவைத்தால் அது எனக்குச் சம்மதமில்லை.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். எதிர்ச்சாரியில் ஒரு வீட்டில் வயதான அம்மா. முன்படிகள் கல், கைப்பிடி கிடையாது. மகள் கைப்பிடி வைக்க விண்ணப்பித்தார். பழைய பாணியில் பூவேலைப்பாடோடு இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் தள்ளிவைத்தார்கள். அப்படி வரைந்து கொண்டுபோனால், இந்த வீட்டுக்கு இது பொருந்தாத அலங்காரம் என்று அடுத்த கூட்டத்திலும் தள்ளிவைத்தார்கள். அதற்குப் பிறகு உறுப்பினர் ஒருவர் தானாகவே ஒரு நாள் காலையில் அங்கே போனார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை படியேறிப் பார்த்தார். எந்த உயரத்தில் பிடி வேண்டும், எந்தப் படியில் கால் தடுமாறுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. ஒல்லியான, அலங்காரமே இல்லாத இரும்புக் கம்பி போதும் என்று முடிவானது. கல்லில் துளை போடாமல் கற்களுக்கு நடுவில் உள்ள மூட்டில் பதித்தார்கள். நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம், கல்லுக்குச் சேதமில்லை. இரண்டு கூட்டத்தில் தீராதது அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

அந்தக் கம்பி ஒரு நல்ல நெறிக்கும் ஒத்துப்போகிறது. அமெரிக்க உள்துறை பழைய கட்டடங்களுக்காக வைத்திருக்கிற சீரமைப்பு நெறிகள் மொத்தம் பத்துதான். கெட்டுப்போனதை மாற்றுவதைவிடப் பழுதுபார்க்க வேண்டும் என்கிறது ஆறாவது. புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இணங்கிப்போக வேண்டும், ஆனால் பழையது போல வேடம் போடாமல் தனியாகத் தெரிய வேண்டும் என்கிறது ஒன்பதாவது. பின்னால் எடுத்துவிட்டாலும் வீட்டின் வடிவம் குலையாதபடி செய்ய வேண்டும் என்கிறது பத்தாவது. இந்த மூன்று வரிகளை எளிய தமிழில் அச்சடித்து விண்ணப்பத்தோடு கொடுத்திருந்தால் நான் பிவிசி பக்கமே போயிருக்க மாட்டேன். 'தெருவின் தன்மை' என்ற சொல் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. 'மாற்றாதே, பழுதுபார்' என்பது சொல்லியிருக்கும்.

எல்லா வீட்டையும் ஒரே தராசில் நிறுப்பதையும் விட வேண்டும். சிங்கப்பூரில் 1989-இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா உள்ளிட்ட பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். அங்கே இடத்துக்குத் தக்கபடி விதியில் வேறுபாடு வைத்திருக்கிறார்கள். மையமான வரலாற்றுப் பகுதிகளில் கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும், வேறு சில பகுதிகளில் முன்கட்டடத்தைக் காப்பாற்றிக்கொண்டு பின்னால் கூடுதலாகக் கட்டலாம். குடும்பம் பெருகுகிறது, கழிப்பறை வேண்டும், அறை வேண்டும். தெருவிலிருந்து கண்ணுக்கே தெரியாத பின்பக்கத்துக்காக ஒருவரை மூன்று கூட்டம் அலையவிடுவதில் என்ன லாபம்?

ஒவ்வொரு வீட்டுக்கும் யார் வருவது, ஆள் எங்கே என்று குழுவில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லா வீட்டுக்கும் வர வேண்டாம். இருப்பதை இருந்தபடியே பழுதுபார்க்கிற வேலைகளைக் குழுவுக்கே கொண்டுபோகாமல் அலுவலர் மட்டத்தில் முடித்துவிடுங்கள், பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. அதில் மிச்சமாகிற நேரத்தில் இரண்டே சந்தர்ப்பத்தில் வாருங்கள்: அனுமதி இல்லை என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன், சுவரிலோ மரத்திலோ கை வைக்கிற வேலை என்றால் அது தொடங்கும் முன். வந்து பார்த்ததை இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். முடிவுக்கு ஒரு கெடு வையுங்கள். இங்கிலாந்தில் சாதாரண வீட்டு மாற்ற விண்ணப்பத்துக்கு 8 வாரம் என்று வைத்திருக்கிறார்கள், நமக்கும் அது போதும்.

இதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒத்துக்கொள்கிறவர்கள் திங்கட்கிழமைக்குள் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடலாம். ஒத்துக்கொள்ளாதவர்களும் வாருங்கள், அந்த ஜன்னலைக் காட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை மாலை அந்த மரத்துண்டைக் கூட்டத்துக்கு எடுத்துப்போய் உறுப்பினர்கள் கையில் கொடுக்கப்போகிறேன். ஒட்டுப் போட்ட தச்சரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.