'மெரிக்கன்' அமெரிக்கப் பெயர் இல்லை

"அமெரிக்கக் கப்பலில் வந்து இறங்கியவர்கள், அதனால்தான் மெரிக்கன்" என்று, மலேசியாவின் பினாங்கில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றின் பெயரோடு வரும் 'மெரிக்கன்' பற்றி அங்குள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

மெரிக்கன் என்பது மரைக்காயர் என்ற பெயரின் திரிபு. நாகூர், காரைக்கால், கீழக்கரைப் பக்கம் கப்பல் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களின் பட்டம் அது. மரக்கலத்திலிருந்து வந்தது என்பார்கள் சிலர். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல் என்பார்கள் வேறு சிலர். எப்படிப் பார்த்தாலும் கடல்தான்.

அப்புறம் காலத்தையும் பாருங்கள். கள்ளிக்கோட்டை மன்னர் சாமூதிரியின் கடற்படையைக் குஞ்ஞாலி மரைக்காயர்கள் நடத்தியது 16-ஆம் நூற்றாண்டில். அமெரிக்கா விடுதலையை அறிவித்ததோ 1776-இல்! பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழக் காரணமான காதர் முகைதீனும் ஒரு மரைக்காயர்தான்.