நோட்ஸ் அனுப்பியாச்சு என்றால் போதுமா?

நேற்று ராத்திரி நம் பி.எட் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். பார்வையற்ற அந்த அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இந்த பி.டி.எஃப் என் லேப்டாப்பில் வாசிக்கவில்லை, டைப் செய்த ஃபைல் கிடைக்குமா?” வந்த பதில்: “பக்கத்தில் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்களேன்.” அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் வேறு. எனக்கு மனசு ஆறவில்லை.

அனுப்பியது நோட்ஸ் இல்லை, நோட்ஸின் போட்டோ. ஃபோனில் ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ மாதிரியான திரைவாசிப்பானுக்கு அதில் வாசிக்க எழுத்தே இருக்காது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைல் இன்னும் மோசம். நம் கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. நாம் ‘அம்மா’ என்று பார்ப்பது அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இதைக் காதில் கேட்டு உளவியலாளர் பியாஜேயின் பாடத்தை எப்படிப் படிப்பது?

எல்லாக் கணினிக்கும் தமிழைத் தமிழாகவே புரியவைக்கும் யூனிகோடில் அடியுங்கள். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது, வேர்டில் ஹெடிங் ஸ்டைல் கொடுங்கள். அப்போது திரைவாசிப்பானின் பிரவுஸ் மோடில் (ஆவணத்துக்குள் விசைகளால் நகர்ந்து படிக்கும் முறை) எச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். பழைய பாமினி ஃபைலை எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் யூனிகோடாகிவிடும். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குழப்பும், அவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டும். ஸ்கேன் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள். நிழல் விழுந்த பக்கமும் கோணல் பக்கமும் தப்பும் தவறுமாக வரும், அட்டவணை கலைந்துவிடும். ஒருமுறை சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்.

“ஆசிரியர்களுக்கு நேரமில்லை” என்பீர்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். “ஒருத்தருக்காகவா இவ்வளவும்?” என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஆமாம், ஒருத்தருக்காகத்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடத்தைக் கொடுத்துவிட்டுப் பாடத்தைக் கொடுக்காவிட்டால் அவர் அங்கே உட்கார்ந்து என்ன செய்வார்? தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்களே என்கிறீர்கள். படிக்கவே முடியாத பாடத்துக்கு மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடக் கிடைத்து என்ன பயன்?

தோழி வாசித்துக் காட்டலாம்தான். அவளுக்கும் லெசன் பிளான் இருக்கிறது, ரயிலைப் பிடிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா யாரைக் கூப்பிடுவார்? ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவரிடம் கெஞ்ச வேண்டும் என்றால் சந்தேகம் வந்த இடத்தை எப்படித் திரும்பப் படிக்க முடியும்?

இரண்டாம் ஆண்டில் 16 வாரம் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகப் போகிறோம். அங்கே கரும்பலகை தெரியாத ஒரு பிள்ளை முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அதனிடமும் “பக்கத்தில் இருப்பவனைக் கேள்” என்றுதான் சொல்லப் போகிறோமா? உள்ளடக்கிய கல்விக்கென்று தாள் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம், கூடவே படிக்கிற அக்காவுக்கு ஒரு ஃபைல் மாற்றித் தரவில்லை. அவர் ஆசிரியராக வருவார் என்று நமக்கு நம்பிக்கை இல்லையோ என்றுகூடத் தோன்றுகிறது. அதுதான் வலிக்கிறது.

யூனிட் 1, 2 இரண்டையும் மாற்றி, சரிபார்த்துக் குழுவில் போட்டிருக்கிறேன். யூனிட் 3 நாற்பது பக்கம், நடுவில் அட்டவணைகள் அதிகம். யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?