நிர்வாகச் செலவும் குழந்தைக்கான செலவுதான்

எங்கள் பள்ளியைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாங்கள் கொடுக்கும் 100 ரூபாயில் குழந்தைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது?" நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால், வகுப்பறையில் செலவாகும் பணம் குழந்தைக்குப் போகிறது, அலுவலக அறையில் செலவாகும் பணம் குழந்தையின் பங்கிலிருந்து கழிகிறது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்கு அடியில் இருக்கிறது. அது தவறு என்று உறுதியாக நம்புகிறேன். பல நாட்களாக மனதில் வைத்திருந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

கயா என்றால் நம் ஊரில் சிராத்தமும் பிண்டமும்தான் நினைவுக்கு வரும். அதற்காக வரும் தமிழர்களில் பலர் விஷ்ணுபாதம் கோயிலோடு திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் போத்கயா. மகாபோதி கோயிலைச் சுற்றித் தாய்லாந்து, ஜப்பான், பூட்டான், மியான்மர், வியட்நாம் என்று நாட்டுக்கொரு மடாலயம். நிரஞ்சனை ஆற்றைத் தாண்டினால் கிராமங்கள் தொடங்குகின்றன. அந்தக் கிராமங்களில் பௌத்த அறக்கட்டளைகள் நடத்தும் சிறிய பள்ளிகள் உண்டு. அப்படி ஒரு பள்ளியில் கணக்கும் நிர்வாகமும் பார்க்கிறேன். மழலையர் வகுப்பிலிருந்து 5ஆம் வகுப்பு வரை. கட்டணம் கிடையாது. பிள்ளைகளில் பெரும்பாலோர் பௌத்தர்கள் இல்லை. தலித் சமூகங்களில் ஒன்றான முசஹர் சமூகத்துக் குழந்தைகள்தான் அதிகம். வீட்டில் பேசுவது மகஹி மொழி. காலையில் சில நிமிடங்கள் எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக உட்காருகிறோம். பொய் சொல்லாதே, உயிரைத் துன்புறுத்தாதே என்பவற்றைக் கதைகளாகச் சொல்கிறார்கள். யாரையும் மதம் மாறச் சொல்வதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் கணக்காளர் என்ன செய்கிறார் என்பது வெளியில் தெரிவதில்லை. ஒரு பதிவேட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தீபாவளிக்கு அடுத்து வரும் சட் பூஜை முடிந்ததும் இந்தப் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் செங்கல் சூளைகளுக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளும் கூடவே போவார்கள். மழைக்கு முன்புதான் திரும்புவார்கள். அந்த மாதங்களில் வருகைப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயருக்கு நேரே வரிசையாக 'வரவில்லை' என்றே விழும். பெயரை நீக்கிவிட்டால் பதிவேடு சுத்தமாக இருக்கும். வருகை சதவீதமும் அழகாக உயரும். நாங்கள் நீக்குவதில்லை. எந்தக் குடும்பம் எந்த ஊர்ச் சூளைக்குப் போனது, யாருடைய கைபேசி எண்ணில் பிடிக்கலாம், எப்போது திரும்பக்கூடும் என்று தனியாக எழுதி வைக்கிறோம். ஆதாரில் ஒரு பெயர், அம்மா சொல்லும் பெயர் ஒன்று, பள்ளி விவரங்களுக்கான அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் ஏறியிருக்கும் பெயர் இன்னொன்று. அதைச் சரி செய்யாவிட்டால் 5ஆம் வகுப்பு முடித்து அரசுப் பள்ளிக்குப் போகும்போது அந்தப் பிள்ளைதான் வாசலில் நிற்கும். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவைத் தெரிந்துவைத்து, எழுத்தில் கேட்டு, பின்தொடர ஓர் ஆள் வேண்டும். இதையெல்லாம் செய்வது அலுவலகம். இதைக் 'குழந்தைக்குப் போகாத செலவு' என்று எப்படிச் சொல்வது?

சட்டமும் ஏறக்குறைய அந்தக் கேள்வி கேட்பவரைப் போலவே யோசிக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு முன்பு வெளிநாட்டு நன்கொடையில் 50 சதவீதம் வரை நிர்வாகத்துக்குச் செலவிடலாம். இப்போது 20 சதவீதம். பணம் முழுவதும் முதலில் புதுடெல்லி நாடாளுமன்ற வீதியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஓர் அமைப்பு பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றுவதும் தடை செய்யப்பட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. வெளிநாட்டுப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. கட்டுப்பாடே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விதிகளைப் படித்துப் பாருங்கள். ஆசிரியர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது, அது நியாயம். மின்கட்டணம், தண்ணீர், தபால், எழுதுபொருள், கட்டடப் பழுது, கணக்கு எழுதும் செலவு, அறிக்கை தயாரித்துத் தாக்கல் செய்யும் செலவு, சட்ட ஆலோசனை ஆகியவை நிர்வாகச் செலவு. அதாவது, அரசு கேட்கும் அறிக்கையைத் தயாரிப்பதற்கு ஆகும் செலவும் அரசு விதித்த வரம்புக்குள்ளேயே அடங்க வேண்டும்.

பெரிய நிறுவனத்துக்கு இது பாரமே இல்லை. கோடிக்கணக்கில் வரவு உள்ள இடத்தில் தணிக்கைக் கட்டணமும் கணக்காளர் சம்பளமும் 2, 3 சதவீதத்தில் அடங்கிவிடும். எங்களைப் போன்ற பள்ளிக்கும் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்கள் கிட்டத்தட்ட அவையேதான். டிசம்பர் 31க்குள் வெளிநாட்டு நன்கொடைக்கான ஆண்டு அறிக்கை, மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியல், வருமான வரித் தணிக்கை, பதிவுப் புதுப்பிப்பு. குழந்தைகள் 100 பேர் என்றாலும் 10,000 பேர் என்றாலும் படிவம் ஒன்றுதான். எனவே சிறிய பள்ளியின் சதவீதம் எப்போதும் பெரியதாகவே தெரியும். சதவீதத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவர், தம்மை அறியாமலேயே சிறியவர்களைத் தண்டித்துப் பெரியவர்களுக்குக் கொடுக்கிறார்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் வலிப்பது குளிர்காலத்தில் நடக்கும் ஒன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை போத்கயாவில் யாத்திரைக் காலம். இலங்கையிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வரும் முதிய பெண்கள் வெள்ளை உடையில் பள்ளிக்கு வருவார்கள். பிள்ளைகள் ஓதுவதைக் கேட்டுக் கண் கலங்குவார்கள். கிளம்பும்போது ஒரு நோட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, நெற்றிக்கு நேரே உயர்த்தி, என்னிடம் நீட்டுவார்கள். தானம் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய சொல் என்று அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரியும். நான் வாங்கிக்கொள்வதில்லை. இந்திய ரூபாயாகவே கொடுத்தாலும், கொடுப்பவர் வெளிநாட்டவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை உள்ளூர்க் கணக்கில் சேர்க்க முடியாது. வங்கி விவரம் அச்சடித்த தாளைக் கொடுத்து, எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்களுடைய வழிகாட்டி மூலம் விளக்குகிறேன். சிலர் ஊர் போய்ச் சேர்ந்ததும் அனுப்புகிறார்கள். பலரால் முடிவதில்லை. கோயிலில் உண்டியல் இருக்கிறதே, உங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை சட்டம் என்று என் மேல் கோபப்பட்டவர்களும் உண்டு. ஆனால் இந்த ஒழுங்கை நான் ஒரு முறை தளர்த்தினால் பதிவே போய்விடும்; பதிவு போனால் பள்ளி நிற்கும்.

சிலர் பௌத்தத்தையே எடுத்துக் காட்டுகிறார்கள். பற்றற்ற மார்க்கத்தில் பணத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு, உண்மையான சேவை என்றால் கணக்கு எழுதுகிறவரும் சம்பளம் வாங்காமல் எழுதலாமே என்று. பிக்குகளுக்கான ஒழுக்க நெறித் தொகுப்பான விநயத்தில் ஒரு விதி இருக்கிறது. அவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பிக்கு பொன்னும் வெள்ளியும் வாங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு விதி முடிந்துவிடுவதில்லை. அரசன் ஒருவன் பிக்குவுக்குச் சீவர ஆடை வாங்கத் தூதனிடம் பணம் கொடுத்து அனுப்புகிறான். பிக்கு அதை வாங்குவதில்லை. விகாரையின் பணியாளரையோ இல்லறத்தில் இருக்கும் ஓர் உபாசகரையோ காட்டுகிறார். தூதன் அவரிடம் ஒப்படைக்கிறான். ஆடை தேவைப்படும்போது பிக்கு அவரிடம் இரண்டு மூன்று முறை நினைவூட்டலாம். கிடைக்கவில்லை என்றால் ஆறு முறை வரை போய்ப் பேசாமல் நிற்கலாம். அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது. அப்போதும் ஆடை வரவில்லை என்றால், பணம் கொடுத்தவருக்கே தகவல் சொல்ல வேண்டும்: நீங்கள் அனுப்பியது பயன்படவில்லை, உங்களுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், அது வீணாகிவிட வேண்டாம் என்று. இந்த விதியில் பணத்தைக் கையாள ஒரு தனி ஆள் இருக்கிறார். அவரை அவமதிக்காமல் கேட்கும் முறை இருக்கிறது. கொடுத்தவருக்குப் பதில் சொல்லும் கடமையும் இருக்கிறது. பற்றறுத்தவர்களே தங்கள் சங்கத்துக்கு இதை எழுதி வைத்திருக்கிறார்கள். என் மேசைக்கு எதிரே இந்த விதியின் சுருக்கத்தை இந்தியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நம் நாட்டுச் சான்றும் ஒன்று உண்டு. நாகப்பட்டினம் சூடாமணி விகாரைக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனவை. அவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் மன்னனின் மத நல்லிணக்கத்தைப் பாராட்டுவார்கள். நான் அந்தத் தமிழ்ப் பகுதியைக் கணக்காளராகப் படித்தேன். எல்லை எது, எந்த நிலம் விலக்கு, எவ்வளவு நெல், எந்த அதிகாரி கையெழுத்திட்டார் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அந்த எழுத்தர்களுக்கும் யாரோ ஊதியம் கொடுத்திருப்பார்கள்.

சேமிப்பு விஷயத்திலும் இதே மனத்தடை இருக்கிறது. வங்கியில் கொஞ்சம் பணம் இருப்பதை நன்கொடையாளர் கண்டுவிட்டால், "இவர்களிடம்தான் இருக்கிறதே" என்று அடுத்த ஆண்டு வேறு பள்ளியைத் தேடுகிறார். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. விமானங்கள் நின்றன. அடுத்து வந்த குளிர்காலத்தில் போத்கயாவில் யாத்திரிகர் இல்லை. ஓட்டல்கள் பூட்டிக் கிடந்தன. நன்கொடை வரும் வழி ஏறக்குறைய அடைபட்டது. அப்போது ஆசிரியர்களுக்கு முழுச் சம்பளம் இல்லாவிட்டாலும் பாதியாவது கொடுக்க முடிந்ததற்கு ஒரே காரணம், எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் பிடிவாதமாக ஒதுக்கி வைத்த சேமிப்பு. இல்லறத்தான் தன் பொருளை நான்காகப் பிரித்து, ஒரு பங்கைத் துய்த்து, இரண்டு பங்கைத் தொழிலில் இட்டு, நான்காவதை ஆபத்துக் காலத்துக்கு வைக்கட்டும் என்று சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்னதாகத் தீக நிகாயம் என்ற பாலி நூலில் வருகிறது. வருமான வரிச் சட்டம் அறக்கட்டளைகளுக்குக் கேள்வியின்றிச் சேர்த்து வைக்க அனுமதிப்பது வருமானத்தில் 15 சதவீதம்தான். அதற்கு மேல் என்றால் காரணம் காட்டி, படிவம் கொடுத்து, காலவரம்புக்குள் செலவிட வேண்டும். அந்த 15ஐக்கூடப் பேராசை என்று பார்க்காதீர்கள்.

தன்னார்வலர்களை வைத்து இந்த வேலையைச் செய்துவிடலாம் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. வருகிறவர்கள் அன்பானவர்கள், சிலர் தங்கள் ஊரில் மிகத் தேர்ந்த கணக்காளர்கள். ஆனால் அவர்கள் நவம்பரில் வந்து, வெயில் ஏறும் முன் கிளம்புகிறார்கள். எங்கள் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ரசீதுகளைச் சரிபார்க்கவும், தண்ணீர் மோட்டார் பழுதுக்குக் கொடுத்த பணத்துக்கு வவுச்சர் தேடவும், ஆடிட்டர் முன்னால் உட்காரவும் ஏப்ரல், மே மாதங்களில், 45 டிகிரி வெயிலில், ஊரில் இருக்கும் ஆள் வேண்டும். சென்ற கோடையில் யார் எதற்காக எந்தக் காசோலை கொடுத்தார்கள் என்று அவருக்கு நினைவிருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு வாடகையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆகவே அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். என் சம்பளத்துக்காக வாதாடுகிறேன் என்று யாரேனும் நினைத்தால், ஆம், அதற்காகவும்தான். எனக்குப் பின் இந்த நாற்காலிக்கு வரப்போகும் உள்ளூர்ப் பெண்ணுக்காக அதைவிட அதிகமாக. இங்கேயே வளர்ந்து, பட்டம் பெற்று, இப்போது என்னிடம் பேரேடு எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். நகரத்துக் கடை ஒன்று கொடுக்கும் சம்பளத்தையாவது நாங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

கணக்கு ஒழுங்காக இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். யாத்திரைக் காலத்தில் மட்டும் ஒரு வாடகை அறையில் பிள்ளைகளை உட்காரவைத்து, வருகிறவர்களிடம் பணம் வாங்கி, ஏப்ரலில் பூட்டிவிடும் 'பள்ளிகள்' இங்கே உண்டு. அவர்கள் பார்வையாளரிடம் சொல்வது, "எங்களிடம் அலுவலகச் செலவே இல்லை, எல்லாம் குழந்தைகளுக்கே" என்பதுதான். பதிவேடும் ரசீதும் தணிக்கை அறிக்கையும் இல்லாத இடத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்வது எளிது.

எனவே போத்கயாவுக்கு வருகிறவர்களிடமும், எந்த ஊரிலும் சிறிய பள்ளிக்குக் கொடுக்க நினைக்கிறவர்களிடமும் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சதவீதத்தைக் கேட்பதற்கு முன் கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் கொடுக்காதீர்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் எங்களுக்குத் தேவைக்கு மேல் கம்பளிகள் வந்து சேர்கின்றன. மே மாத மின்கட்டணத்துக்கு யாரும் கொடுப்பதில்லை. ஆடிட்டர் கட்டணத்துக்கு நான் இங்கே இருக்கும் ஆண்டுகளில் ஒருவர்கூடக் கொடுத்ததில்லை. நன்கொடைப் படிவத்தில் 'எந்த நோக்கத்துக்காக' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு குழந்தையின் பெயரையோ ஒரு பொருளின் பெயரையோ எழுதாமல், 'பள்ளியின் பொதுச் செலவு' என்று எழுதுங்கள்.