எம்40ஐ முழுமையான எம் கார் அன்று
பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ காரும், எம்3, எம்4 கார்களைப் போலவே எம் பிரிவின் (பிஎம்டபிள்யூவின் அதிவேகக் கார்ப் பிரிவு) தனி எஞ்சினைக் கொண்ட முழுமையான எம் கார் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. இது 'எம் பெர்ஃபார்மன்ஸ்' என்னும், சாதாரண மாடல்களுக்கும் முழுமையான எம் கார்களுக்கும் இடைப்பட்ட வரிசையைச் சேர்ந்தது. எம்3, எம்4 கார்களில் எஸ்58 எஞ்சின் உள்ளது. இதில் இருப்பதோ பிஎம்டபிள்யூவின் பொதுவான மாடல்கள் பலவற்றிலும், டொயோட்டா சுப்ராவிலும் பயன்படும் 3 லிட்டர் பி58 டர்போ (காற்றை அழுத்திச் செலுத்தித் திறனைக் கூட்டும் அமைப்பு) எஞ்சின். காரின் பின்புறப் பெயர்ச்சின்னத்தில் எம் எழுத்தை ஒட்டி 40ஐ என்று வருவதே இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும், கவனித்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும்.

இசட்4 வரிசையில் உண்மையான எம் ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் இரு இருக்கைக் கார்) வேண்டுமென்றால் 2006இல் வந்த முதல் தலைமுறை இசட்4 எம் காரைத்தான் சொல்ல வேண்டும். அதன் 3.2 லிட்டர் எஸ்54 எஞ்சின், டர்போ இல்லாமலேயே 343 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 7,900 சுழற்சியில் தந்தது. எம்40ஐயின் 340 குதிரைத்திறன் 5,000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால், தாளில் எண்கள் ஒத்திருந்தாலும் ஓட்டும்போது இரண்டும் வெவ்வேறு குணமுடையவை.

எம்40ஐ வெறும் ஸ்டிக்கர் வேலை என்று மற்றொருவர் எழுதியிருப்பதும் நியாயமாகப் படவில்லை. எம் ஸ்போர்ட் டிஃபரென்ஷியலும் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு) அடாப்டிவ் சஸ்பென்ஷனும் (நிலைமைக்கேற்ப இறுக்கம் மாறும் அதிர்வுதாங்கி அமைப்பு) அதில் மெய்யாகவே உள்ளன.