இருமலோடு சேர்த்தே வெளியிடுங்கள்

வானொலியில் நேரடியாகப் போன பழைய நாட்டுப்புறப் பாட்டுக் கச்சேரிகள் இப்போது யூடியூபில் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் ஏற்றுகிறவர்களில் பலர் அறிவிப்பாளர் குரலை வெட்டிவிடுகிறார்கள். தொண்டையைச் செருமுவது, பறையைத் தட்டிப் பார்ப்பது, கூட்டத்தில் எவரோ பேசுவது எல்லாவற்றையும் மென்பொருளில் போட்டுத் துடைத்துவிடுகிறார்கள். கடைசியில் பளபளவென்று ஒரு மூன்று நிமிடப் பாட்டு கைக்கு வருகிறது. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை.

கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போட்டு வாங்குவார்கள். கயிறு கனத்தால் பாட்டும் இழுபடும், மீன் சேரும் வலைமடி கரைக்கு நெருங்கினால் சூடு பிடிக்கும். தாளத்தை வைத்திருப்பது கயிறு. அப்படி ஒரு பாட்டின் வானொலிப் பதிவை, வெட்டிச் சுத்தம் செய்த வடிவத்தில், தொண்டிப் பக்கம் ஒரு பெரியவருக்குப் போனில் போட்டுக் காட்டினேன். வலை இழுத்தே தோள் காய்ச்சுப் போன மனிதர். கொஞ்சம் கேட்டார். "இந்த வேகத்துல இழுத்தா மடி கிழிஞ்சு போயிரும் தம்பி. கயிறு இல்லாமப் பாடுறாய்ங்க" என்றார்.

அதே கச்சேரியின் முழுப் பதிவும் பிறகு ஒரு நண்பர் வழியாகக் கிடைத்தது. அதில் எல்லாமே விளங்குகிறது. நிலைய அரங்கில், நேயர்கள் முன்னிலையில், அரை மணி நேர நிகழ்ச்சி என்று அறிவிப்பாளர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அந்த அரை மணிக்குள் தாலாட்டு, நடவுப் பாட்டு, அம்பா, கும்மி எல்லாம் வந்தாக வேண்டும். கடைசிப் பாட்டில் முன்பாட்டுக்காரர் ரெண்டு அடியை விழுங்கிவிட்டு முடிவுக்குத் தாவுகிறார், பின்பாட்டுக்காரர்கள் தடுமாறி ஓடிவந்து சேர்கிறார்கள். கடிகாரத்தைக் காட்டி எவரோ கையை ஆட்டியிருக்க வேண்டும். இதையெல்லாம் வெட்டிவிட்டால், நாளைக்குக் கேட்கிற பிள்ளை அம்பா என்றாலே இந்த ஓட்டம்தான் என்று நினைக்கும். மேடையில் பாடுகிறவர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே பிடித்துக்கொண்டாயிற்று என்பது என் சந்தேகம்.

வானொலி எதையும் அப்படியே வாங்கிக்கொள்கிற பெட்டி இல்லை. குரல் தேர்வு உண்டு, நேரக் கணக்கு உண்டு, இது கூடும் இது கூடாது என்ற பேச்சும் உண்டு. 1940-இல் ஆர்மோனியத்துக்கே தடை போட்ட வானொலி நம்முடையது. 1971-க்குப் பிறகுதான் அது தளர ஆரம்பித்தது. ஆர்மோனியத்தை நம்பியே நாடகம் போட்ட எங்கள் இராமநாதபுரம் சீமைக்காரர்கள் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். இன்னொரு பக்கம், நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி மாதிரி ஒருவரை ஊருக்கு வெளியே கொண்டுபோனதும் வானொலிதான். 1985-இல் அவர் சினிமாவுக்கு வந்தது அதற்கு அப்புறம். கொல்லங்குடி இன்றைக்குச் சிவகங்கை மாவட்டம், அன்றைக்கு எங்கள் பழைய இராமநாதபுரம்.

எல்லாம் சரி, மூலப் பதிவு எங்கே இருக்கிறது? காந்த நாடா விலை கூடின காலத்தில், ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவது உலகம் முழுக்க நடந்த வழக்கம். நேரடி ஒலிபரப்பு என்றால் பல சமயம் பதிவே கிடையாது. காற்றில் போனது போனதுதான்.

இங்கேதான் எங்கள் கரைக்கு ஒரு வசதி. மத்திய அலை நிலத்தைவிட உப்புத் தண்ணீர் மேல் நெடுந்தூரம் போகும். அதனால் பாம்பன், மண்டபம் பக்கத்து வீடுகளில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரிக் கேட்டது. அம்பா அந்தக் கரையிலும் உண்டு, இந்தக் கரையிலும் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, அப்புறம் வளைகுடா என்று போனவர்கள் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ஒன்றாக இருக்கிற டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். பிடித்த நிகழ்ச்சி வந்தால் உடனே பட்டனை அமுக்கிப் பதிந்துவிடுவார்கள். நிலையத்தில் இல்லாத கச்சேரி எங்கள் பக்கத்து வீட்டு அலமாரியில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

என் மாமா வீட்டுக் கேசட் ஒன்று அப்படிப்பட்டதுதான். டூ-இன்-ஒன் வருவதற்கு முன்னால், ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது. ஒப்பாரி ஒன்று போய்க்கொண்டிருக்கும்போது, "மழை வருது, கருவாட்டை அள்ளு" என்று அத்தை சத்தம் போடுவது அதில் விழுந்திருக்கிறது. அறுபது நிமிடக் கேசட் என்பதால் முப்பதாவது நிமிடத்தில் பாட்டு அறுந்து, மறுபக்கம் பாதியில் தொடங்குகிறது. இதைத் துடைத்துத் தருகிறேன் என்று ஒரு தம்பி கேட்டான். துடைத்த பிரதி ஒன்று இருக்கட்டும், எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. துடைக்காதது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இணையத்தில் ஏற்றும்போதும் ரெண்டையும் ஏற்ற வேண்டும்.

அறிவிப்பை வெட்டினால் இன்னொன்றும் போய்விடும். "இன்னார் மற்றும் குழுவினர்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தக் குழுவினர் யார் என்பதற்கு எங்கும் எழுத்தில்லை. ஆனால் நேரடிக் கச்சேரியில் பாடகரே நடுவில், "சொல்லு மாரி", "நீ எடுத்துக்க மச்சான்" என்று பேர் சொல்லி, உறவு சொல்லிக் கூப்பிடுவார். ஊர் தெரிந்தவர்கள் கேட்டால் ஆளைக் கண்டுபிடிக்க அந்த ஒரு சொல் போதும். அதைத்தான் இரைச்சல் என்று நீக்குகிறார்கள்.

பழைய கேசட் வைத்திருக்கிறவர்களுக்கு: கிடைத்த பிளேயரில் போட்டு முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள். உப்புக்காற்றில் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும், சுண்டி இழுத்தால் போச்சு. மேல் விளிம்பின் ரெண்டு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் நாக்கை ஒடித்துவிட்டால் தவறிப்போய் மேலே பதிவாகாது. பிரதி எடுப்பதானால் எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக எடுங்கள். ஒலிக் காப்பகங்கள் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் எடுத்து வைப்பதுதான் வழக்கம். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே கடல் ஓசை வானொலி நடக்கிறது. ஊர்க் குரலை ஊருக்கே போட்டுக் காட்ட அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

இதைப் படிக்கிற எங்கள் கரைக்காரர்கள் யாரிடமாவது ரேடியோவிலிருந்து பதிந்த கேசட் இருந்தால் கீழே சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை. உள்ளே இருக்கிற அட்டையில் பேனாவால் எதையாவது கிறுக்கியிருப்பார்கள், அதைப் படம் எடுத்துப் போடுங்கள். பாதி அழிந்திருந்தாலும் போடுங்கள்.