கருத்துப் படிவம் கற்றலை அளக்காது

“வேதியியல் வகுப்பில் புதிய முறையைக் கொண்டுவந்ததும் மாணவர் கருத்துப் படிவத்தில் மதிப்பெண் சரிந்தது, ஆகவே முறை தோல்வி” என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. படிவம் காட்டுவது மனநிறைவை மட்டுமே. 2019இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில் (அது இயற்பியல் வகுப்பு, இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான்) செயல்வழி வகுப்பில் (விரிவுரையை மட்டும் கேட்காமல் மாணவர்களே கணக்குகளைத் தீர்த்துக் கற்பது) இருந்தவர்கள், விரிவுரை வகுப்பில் இருந்தவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். தேர்வில் அவர்களே அதிகம் எடுத்தார்கள்.

தேர்ச்சி விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, வினாத்தாள் மாறிக்கொண்டே இருக்கிறது. கொதிக்கும் நீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சமநிலை மாறிலியை (வேதிவினை சமநிலையில் எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்று காட்டும் எண்) பிழையின்றிக் கணக்கிடும் மாணவர்கூட ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்’ என்று சொல்லக்கூடும்; உள்ளே இருப்பது நீராவிதான். இத்தகைய கேள்விகளைப் பாடத்துக்கு முன்பும் பின்பும், பழைய முறையில் படித்த பிரிவுக்கும் சேர்த்தே கேட்டு ஒப்பிட்டீர்களா?